லைவ்/டெட்: 23 நிமிட ஜாமை பேஸ் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு கேட்பது எப்படி

அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் ஸ்டுடியோ ஆல்பங்களை விட்டுவிட்டு மேடைப் பதிவுகளைக் கேள் என்பதில் அந்தக் குழுவின் ரசிகர்கள் எல்லாரும் ஒரே கட்சி. எந்த மேடைப் பதிவு என்று கேட்டால்தான் அடிதடி. 1972 என்பார் ஒருவர், 1977 மே மாதம் என்பார் இன்னொருவர். முதன்முதலாகக் காதைத் தீட்டிக்கொள்ள வருபவருக்கு 1969 நவம்பரில் வெளியான லைவ்/டெட் போதும். வாசிப்பில் இதற்கு மேலான இரவுகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு கருவியையும் இவ்வளவு எளிதாகத் தனியே பிடித்துக்கொள்ள விடும் பதிவு அந்தக் காலகட்டத்தில் குறைவு.

அதற்குக் காரணம் ஒலிப்பதிவு. பாப் மாத்யூஸ், பெட்டி கேன்டர் இருவரும் 16 டிராக் (தனித்தனி ஒலித்தடம்) கொண்ட ஆம்பெக்ஸ் ஒலிநாடா இயந்திரத்தை சான் பிரான்சிஸ்கோவின் அரங்குகளுக்கே கொண்டுபோனார்கள். 1969 ஜனவரியில் அவலான் பால்ரூம், பிப்ரவரி 27 முதல் மார்ச் 2 வரை ஃபில்மோர் வெஸ்ட். ராக் மேடைக்கச்சேரியை 16 டிராக்கில் பிடித்து வெளியிட்ட முதல் ஆல்பம் இதுதான். இரண்டு கிட்டார், பேஸ், ஆர்கன், இரண்டு டிரம்மர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது, சாதாரண இரண்டு டிராக் பதிவில் நடுத்தர அதிர்வெண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கிட்டாரும் ஆர்கனும் ஒரே குழம்பாகிவிடும். இங்கே கருவிகளுக்குத் தனித்தனி டிராக் கிடைத்ததால், பிறகு மிக்ஸ் செய்யும்போது ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் உட்கார வைக்க முடிந்தது.

ஆல்பத்தின் உயிர், இசைத்தட்டின் முதல் பக்கத்தை முழுதாக எடுத்துக்கொள்ளும் 'டார்க் ஸ்டார்'. பிப்ரவரி 27 இரவு வாசித்தது. இதே பாட்டு 1968இல் சிங்கிளாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை, இங்கே 23 நிமிடம். ஒலி மெல்ல எழும்பித்தான் பாட்டு தொடங்குகிறது. காரணம், மேடையில் அதற்கு முன் வாசித்த பாட்டிலிருந்து நிறுத்தாமல் இதற்குள் நுழைந்தார்கள். அந்த முன்பகுதியை வெட்டியிருக்கிறார்கள்.

வரைபடம் சுலபமானது. முன்னுரை ஜாம் (எழுதிவைக்காமல் கூடி வாசிப்பது), 6ஆம் நிமிடத்தை ஒட்டி முதல் சரணம், பிறகு சுமார் 15 நிமிடத்துக்குப் பாட்டு என்று எதுவுமில்லை, கடைசி ஓரிரு நிமிடங்களில் இரண்டாம் சரணம். அடித்தளம் A மிக்ஸோலிடியன். A-வை சட்ஜமாக வைத்துக்கொண்டால் ஹரிகாம்போஜியின் அதே சுரங்கள். பெரும்பாலும் ஒரே ஆதாரத்தைச் சுற்றியே போவதால், "அடுத்த கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) எப்போது மாறும்" என்று காத்திருப்பவர்களுக்கு 9ஆம் நிமிடத்திலேயே கொட்டாவி வரும். இங்கே கார்டு மாறுவதைக் கவனிப்பதில் பயனில்லை. சுர அடர்த்தி, சத்தத்தின் அளவு, யார் முன்னால் நிற்கிறார் என்ற மூன்றும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைப் பின்தொடர வேண்டும்.

நடைமுறையில் நான்கு தடவை கேட்க வேண்டியிருக்கும், தடவைக்கு ஒரே ஒரு கருவி. முதலில் பேஸ். ஃபில் லெஷ் டிரம்பெட் கற்றவர், மில்ஸ் கல்லூரியில் இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பேரியோவிடம் நவீன இசை படித்தவர், குழுவில் சேர்ந்த 1965இல்தான் பேஸ் கிட்டாரையே கையில் எடுத்தார். ராக் பேஸுக்கு என்று இருந்த பழக்கம் எதுவும் அவர் விரலில் ஏறியிருக்கவில்லை. முதல் தட்டில் சட்ஜமத்தை ஓங்கி அடித்து மற்றவர்களுக்குத் தரை போட்டுக்கொடுக்கிற வேலையை அவர் அபூர்வமாகவே செய்கிறார். தட்டுக்குச் சற்று முன்னோ பின்னோ நுழைவார், மூன்றாம் சுரத்திலிருந்தோ ஐந்தாம் சுரத்திலிருந்தோ கிளம்புவார், கிட்டாரின் எல்லை வரை மேலே ஏறி லீடு கிட்டாருக்குப் பதில் சொல்வார். கீழ் A-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் மொத்தக் குழுவும் ஒரு கனத்தோடு கூடுகிறது. 23 நிமிடத்தில் இப்படி எத்தனை முறை நடக்கிறது என்று குறித்துக்கொண்டே போனால் ஜாமின் பத்திப் பிரிவுகள் தாமாகவே கிடைத்துவிடும்.

இரண்டாவது தடவை லீடு கிட்டார் வாசிக்கும் ஜெர்ரி கார்சியா. எல்லாரும் இவரிடமிருந்து தொடங்குவதால்தான் மற்ற ஐந்து பேரும் காதில் விழாமல் போகிறார்கள். அவர் பாஞ்சோவிலிருந்து வந்தவர். வேகமாகப் போகும்போதும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக மீட்டப்பட்டு முத்தாக விழுகிறது. மூன்று நான்கு சுரம் கொண்ட ஒரு பிடியை எடுப்பார், திரும்பச் சொல்வார், மூன்றாம் முறை அதன் வாலை மட்டும் மாற்றுவார். அந்த வால் மாறும் இடத்தில் லெஷ் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பாதி சமயம் அவர் ஏற்கெனவே அங்கே போய் நின்றிருப்பார்.

மூன்றாவது பாப் வீர். ரிதம் கிட்டார் என்று பெயர் இருந்தாலும் இங்கே 'சரக் சரக்' என்று கம்பிகளைத் தேய்ப்பது கிடையாது. கார்சியா மூச்சு விடும் இடைவெளியில் இரண்டு மூன்று சுரத் துணுக்கை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். தனியாகக் கேட்டால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும், அதை எடுத்துவிட்டால் பேஸுக்கும் லீடுக்கும் நடுவே ஓட்டை விழும். நான்காவது தடவைக்கு டாம் கான்ஸ்டன்டனின் ஆர்கனையும் தாளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆர்கன் ஒரு சின்னஞ்சிறு சுரக்கோவையை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. டிரம்ஸ் பெரும்பகுதி அடக்கி வாசிக்கிறது. முன்னால் கேட்கும் 'கர்ர்ர்–சிக்' சத்தம் குவிரோ, வரி வரியாகக் கீறிய குடுக்கையைக் குச்சியால் உரசுவது. அந்த உரசலைப் பிடித்துக்கொண்டால் அமைதியான பகுதிகளிலும் தட்டு தொலையாது.

நம் கச்சேரியில் பாடகர் போகும் வழியில் பக்கவாத்தியம் போகும் என்ற பழக்கத்தோடு உட்கார்ந்தால் இங்கே ஏமாற்றம்தான். யாருக்கு யார் பக்கவாத்தியம் என்று முடிவாகவில்லை. யார் வேண்டுமானாலும் திசையை மாற்றலாம், மற்றவர்கள் கண்டுகொள்ளாமலும் விடலாம். அப்படிக் கண்டுகொள்ளப்படாமல் அந்தரத்தில் நிற்கும் பிடிகள் இந்தப் பதிவிலும் உண்டு, அவற்றை வெட்டவில்லை. அதையும் ஒரு குணமாகவே எண்ணத் தோன்றுகிறது.

அடுத்து 'செயின்ட் ஸ்டீஃபன்' வழியாக 'தி எலவன்'. தாளத்தில் பழக்கமுள்ளவர்களுக்கு இதுவே முதல் விருந்து. தொடக்கத்தில் மூன்று மூன்றாக ஓடும். பிறகு கடைசி மூன்றில் ஒன்று உதிர்ந்து 11 ஆகிறது: தகிட தகிட தகிட தக. பலரும் தடுமாறுவது அந்தக் கடைசி 'தக'வில். கை தானாகவே இன்னொரு 'தகிட' போட்டு 12 ஆக்கிவிடும், அடுத்த சுற்றில் ஒரு தட்டு பின்தங்கும், நாலு சுற்றில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. பதினொன்று தட்டையும் எண்ணாதீர்கள், நான்கு தொகுதியின் முதல் தட்டை மட்டும் தொடையில் போடுங்கள். நான்காவது சற்றுக் குட்டை என்பது உடம்புக்குப் பிடிபட்டுவிடும். இந்த விளையாட்டுக்குப் பின்னால் ஒரு இந்தியத் தொடர்பு உண்டு. டிரம்மர் மிக்கி ஹார்ட் 1967இல் தபேலா மேதை அல்லா ரக்காவைச் சந்தித்து, தாளக் கணக்கில் மூழ்கியவர். பின்னாளில் ஹார்ட்டின் பிளானட் டிரம் ஆல்பத்தில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம்.

ஒரு செய்தி: 'தி எலவன்' ஜனவரி 26இல் அவலானில் பதிவானது, அதற்கு முந்தைய பாட்டு பிப்ரவரி 27இல். ஒரே மூச்சில் வாசித்ததாகக் கேட்பது நாடாவை ஒட்டிய கைவண்ணம். ஒட்டு இருக்கும் இடத்தைத் தேடிக் களைத்தவர்கள் நிறைய.

மீதிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. 'டர்ன் ஆன் யுவர் லவ் லைட்' 15 நிமிடம். இதைப் பாடும் குழுவின் இன்னொரு உறுப்பினர் பிக்பென்னின் குரல் வசீகரம், டிரம்ஸ் உற்சாகம், ஆனால் நேரில் ஆடிக்கொண்டே கேட்க வேண்டிய சரக்கு. நாற்காலியில் உட்கார்ந்தால் பாதியில் நீளம் தெரியும். 'டெத் டோன்ட் ஹேவ் நோ மெர்ஸி'யில் கார்சியாவின் கிட்டார் அவருடைய பாட்டைவிட நன்றாக அழுகிறது. 'ஃபீட்பேக்' கிட்டத்தட்ட 8 நிமிடம் முழுவதும் இரைச்சல்: ஆம்ப்ளிஃபையரின் ஒலி கம்பியை அதிரவைக்க, அந்த அதிர்வைக் கிட்டார் மீண்டும் ஆம்ப்ளிஃபையருக்கே அனுப்ப, அந்தச் சுழற்சியைத் தூரத்தாலும் கோணத்தாலும் அடக்கி ஆள்கிறார்கள். ரசிப்பவர்கள் சிலரே. கோரஸ் குரல்கள் ஆல்பம் முழுவதும் அங்கங்கே சுருதி விலகுகின்றன, அதில் மழுப்ப ஒன்றுமில்லை.

எந்த வடிவில் வாங்குவது? எல்பி (வினைல் இசைத்தட்டு) ஆசை உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கத்தில் 23 நிமிடம் அடைத்தால் பள்ளங்கள் நெருக்கமாகின்றன, ஒலி அளவைக் குறைத்தே வெட்ட வேண்டியிருக்கும். அதனால் 'டார்க் ஸ்டார்' அடங்கிப்போகும் இடங்களில் தூசிப் பொரிவு இசைக்கு மேலே ஏறிவிடும். ஊசியும் தட்டும் சுத்தமாக இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். போதாததற்கு, அந்தப் பாட்டு 'செயின்ட் ஸ்டீஃபனு'க்குள் நழுவும் இடத்தில் எழுந்துபோய்ப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். சிடியில் மொத்த ஆல்பமும் ஒரே தட்டில் அடங்கிவிடுகிறது. எங்கள் ஓட்டு அதற்கே.

ஸ்ட்ரீமிங் என்றால் ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலக்கும் கிராஸ்ஃபேடை அணையுங்கள், இடைவெளியின்றி ஓடும் வசதியைப் போடுங்கள், ஷஃபிளைத் தொடவே வேண்டாம். ஒலி அளவைச் சமன்செய்யும் வசதி இருந்தால் ஆல்பம் முறையில் வையுங்கள் அல்லது அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாட்டுக்குப் பாட்டு சத்தம் குதிக்கும். போன் ஸ்பீக்கரில் கேட்பது வீண், பேஸின் கீழ்க் கம்பி 41 ஹெர்ட்ஸ், அது அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வரவே வராது. சுமாரான ஒயர் ஹெட்போன்கூடப் போதும். மெல்ல எழும்பும் தொடக்கத்தை வைத்து வால்யூமைக் கூட்டிவிடாதீர்கள், 15 நிமிடம் கழித்துக் காதைப் பிளக்கும். முதல் சரணத்தில் குரல் இயல்பாகக் கேட்கும் அளவில் நிறுத்துங்கள்.

ஃபில்மோர் வெஸ்டின் நான்கு இரவுகளும் முழுதாக வேண்டுவோருக்கு 2005இல் 10 சிடி பெட்டி வந்தது. 10,000 பிரதிகள்தான் போட்டார்கள், இப்போது பழைய சந்தையில் யானை விலை. அதைத் தேடி அலைவதைவிட, 1972 ஆகஸ்ட் 27இல் ஓரிகன் மாநிலம் வெனிட்டாவில் வாசித்த 'டார்க் ஸ்டார்' அடுத்த பாடத்துக்குப் பொருத்தம். 2013இல் சன்ஷைன் டேட்ரீம் என்ற பெயரில் வெளியானது. அப்போது ஹார்ட் குழுவில் இல்லை, பில் க்ரூட்ஸ்மன் ஒருவரே டிரம்ஸ். ஆர்கன் போய்க் கீத் காட்ஷாவின் பியானோ வந்திருக்கிறது. டிரம்மர் ஒருவரானதும் பேஸுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதை அங்கேயும் முதல் தடவை லெஷை வைத்தே அளந்து பாருங்கள்.