சங்கு ஊதும் பிங்க் ஃப்ளாய்டு: ஒரு டூ-இன்-ஒன்னுடன் 40 வருஷம்

ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் ஒன்றாக இருக்கும் இந்த மாடல் இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. கம்பெனி பெயரையும் சொல்லப்போவதில்லை. கீழே நிறையக் குறை வருகிறது. அதில் எவ்வளவு மெஷினுடையது, எவ்வளவு எங்கள் வீட்டு ஆட்களுடையது என்று பிரிக்க என்னால் முடியவில்லை. பரணில் கிடக்கும் பழைய டேப் ரெக்கார்டரை இறக்கித் துடைக்கலாமா, எடைக்குப் போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது உதவலாம்.

1985 பொங்கலுக்கு ஊருக்கு வந்த சித்தப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்தது. அப்போது எங்கள் வீடு பெரம்பூரில். அப்பாவுக்கு ரயில்வே வேலை, எனக்கு 13 வயசு. ஒரு கேசட் போடும் வாய், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், ரேடியோவில் நாலு பேண்டு. ஆறு பெரிய பேட்டரி கட்டை போட்டால் கரண்ட் போனாலும் பாடும். முகப்பில் அரிசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதுதான் மைக் என்று சித்தப்பா சொன்னதும் பாட்டி கிட்டே குனிந்து பார்த்துவிட்டு, "இம்மாத்தூண்டு காதுல என்னடா கேக்கும்?" என்றார். என்னவெல்லாம் கேட்கும் என்பதுதான் இந்தப் பதிவில் பாதி.

காலை ஆறு மணி சூலமங்கலம் சகோதரிகளின் கவசத்துக்கு. சாயங்காலம் அண்ணனுக்கும் இளையராஜாவுக்கும். லீவு நாட்களில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்தபின் மத்தியானம் இரண்டு மணிநேரம் எனக்கு. ராத்திரியில் ரேடியோவும் எனக்கே, சத்தம் போர்வையைத் தாண்டாத வரை. ஷார்ட் வேவில் பிபிசி அலையடித்து வரும், போகும். பிபிசி அறிவிப்பாளர் ஜான் பீல் ஒரு பாட்டு போட்டுவிட்டுப் பெயர் சொல்லும் நேரம் பார்த்து இரைச்சல் வந்து மூடிவிடும். காதில் விழுந்ததை ரஃப் நோட்டில் தமிழில் எழுதிவைப்பேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தில் 'லட்சு பெலின்' என்று இருக்கிறது. லெட் செப்பலின் என்ற ராக் குழுதான். லட்சு என்றதும் யாரோ அத்தை மாதிரி ஒரு உருவம் மனசில் வந்து உட்கார்ந்துவிட்டது. 1991-க்குப் பிறகு கேபிளில் எம்டிவி வந்து அவர்கள் முகத்தைப் பார்க்கும்வரை அந்த உருவம் போகவில்லை.

ராக் எனக்கு வந்த வழி வானொலி மட்டுமில்லை. பின்வீட்டு அங்கிள் ரயில் டிரைவர், ஆங்கிலோ இந்தியர். பெரம்பூரில் அப்போது அப்படி நிறையக் குடும்பங்கள். அவர் மகன் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது தன் எல்.பி. தட்டுகளை எல்லாம் விட்டுவிட்டுப் போனான். பாதிக்கு மேல் மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கியவை. கீறல் இருக்கும், உறை கிழிந்திருக்கும். "மகன் இல்லாத வீட்ல பாட்டாவது இருக்கட்டும்" என்று ஆன்ட்டி அதையெல்லாம் தினமும் போடுவார். எங்கள் துணி துவைக்கும் கல் அந்தச் சுவரை ஒட்டி இருந்தது. அந்த வருஷம் வீட்டில் நான் துணி துவைக்க ஆசைப்பட்டது அம்மாவுக்குப் பெரிய ஆச்சரியம்.

கோடை லீவில் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஆன்ட்டி வீட்டுக்கே போனேன். தட்டிலிருந்து டேப்புக்கு நேராக ஒயர் கொடுக்க வழி கிடையாது. ஸ்பீக்கருக்கு முன்னால் ஸ்டூல், ஸ்டூல் மேல் மெஷின். மின்விசிறி சத்தம் விழும் என்று ஆன்ட்டி ஃபேனை நிறுத்தினார். மே மாதம், மெட்ராஸ். ஆன்ட்டி நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுகிறது, நான் இரண்டு விரலால் 'பிளே'யையும் 'ரெக்கார்டை'யும் சேர்த்து அமுக்குகிறேன், இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கறுப்பு உறையில் முக்கோணக் கண்ணாடி, ஒரு பக்கம் வெள்ளை வெளிச்சம் போய் மறுபக்கம் வானவில்லாக வரும் தட்டு. இங்கிலாந்து ராக் குழு பிங்க் ஃப்ளாய்டின் 1973-ஆம் வருஷத்து டார்க் சைடு ஆஃப் தி மூன். மொத்தம் 43 நிமிஷம்தான், ஒரு 60 நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்குப் பக்கம் அடங்கிவிடும்.

தட்டு முழுக்கப் பாட்டு மட்டும் இல்லை. இதயத் துடிப்பில் தொடங்கும், அதிலேயே முடியும். ஆள் ஓடும் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம், 'டைம்' என்ற பாட்டின் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் அடிக்கும் ஒரு கூட்டம் கடிகாரங்கள். அந்தக் கடிகாரங்களை ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பழைய கடிகாரக் கடையில் பதிவு செய்தார் என்பதெல்லாம் ரொம்பப் பின்னால் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்த வெள்ளைக்காரர்கள் எந்தச் சத்தத்தையும் பாட்டுக்குள் போடுவார்கள் என்பதுதான்.

அதனால் வீட்டுக்கு வந்து கேசட்டைப் போட்டபோது, 'டைம்' பாட்டின் நடுவில் தூரத்திலிருந்து நீளமாக ஒரு சங்கு எழும்பி அடங்கியபோது, எனக்குச் சந்தேகமே வரவில்லை. நேரத்தைப் பற்றிய பாட்டில் சங்கு வராமல் வேறு எதில் வரும்? இங்கிலாந்தில் ஏதோ ஃபேக்டரி சங்கு, தொழிலாளிகளின் கஷ்டத்தைக் காட்டுகிறார்கள் என்று என் வகுப்பில் இரண்டு பேருக்கு விளக்கமே கொடுத்தேன். அவர்களும் தலையாட்டினார்கள். நாங்கள் மூன்று பேரும் தினமும் அதே ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கைக் கேட்டு வளர்ந்தவர்கள். தினமும் ஊதுகிற சங்கு யார் காதில் விழும்?

1993-ல் ஒரு சிநேகிதி வீட்டில் அதே ஆல்பத்தை சி.டி.யில் கேட்டேன். சங்கு வரவேண்டிய இடம் வந்தது, போனது. "உன் சி.டி.ல ஏதோ கட் ஆயிருக்கு" என்று அவளிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது. போன் பண்ணி மன்னிப்பு கேட்கவில்லை.

மைக் தரம் என்ன என்று கேட்பவர்களுக்கு: சங்கைப் பிடித்த அளவுக்கு அது பேஸ் கிடாரைப் பிடிக்கவில்லை. இந்த மெஷினின் பெரிய பலவீனம் அதுதான். ஸ்பீக்கர் சின்னது, கீழ்ஸ்தாயி வரவே வராது. டிரம்ஸ் தகர டப்பா மாதிரி இருக்கும். இதென்ன தகரச் சத்தம் என்று அம்மா திட்டியதில் நியாயம் இருந்தது. பேஸ் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவந்தது தெருமுனை டீக்கடையில், மரப்பெட்டிக்குள் பெரிய ஸ்பீக்கர் வைத்து ராஜா பாட்டு போடும்போதுதான். பல்லவி ஒரு பக்கம் போகும், கீழே பேஸ் தன் பாட்டுக்கு வேறொரு கதை சொல்லிக்கொண்டு போகும். ராக் கேட்கிற பெண் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவளுக்கு காதைத் திறந்துவிட்டது பால் வாங்கப் போன இடத்து டீக்கடை. அண்ணனிடம் இதை இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

இனி ரிப்பேர் விவரம். 1988-ல் பெல்ட் தளர்ந்து பாட்டு இழுக்க ஆரம்பித்தது. நல்ல பெயர் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தோம். புது பெல்ட் போட்டார், நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தார், போகிறபோக்கில் மோட்டாரின் பின்பக்கம் இருக்கும் சின்னத் துளைக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஒரு திருகு திருகினார். வேகத்தைச் சரிசெய்யும் திருகு அது. "இப்ப பாரும்மா, எப்புடி சுறுசுறுப்பா பாடுது!" என்றார். சுறுசுறுப்பாகத்தான் பாடியது. எங்களுக்குச் சந்தோஷம்.

அடுத்த வருஷம் அண்ணனின் நண்பன் ஒருவனிடமிருந்து பழைய கிடார் கடன் வாங்கினேன். டீப் பர்ப்பிள் குழுவின் ஸ்மோக் ஆன் தி வாட்டர் பாட்டு இல்லாமல் யார் கிடாரைத் தொட்டார்கள்? தொடக்கத்தில் வரும் அந்த நாலு சுர வரிசையை இரண்டு கம்பியில் வாசித்துவிடலாம். கடையில் வாங்கிய கேசட்டைப் போட்டு, அதோடு ஒட்டும்வரை கம்பிகளை முறுக்கினேன். முதல் கம்பி அறுந்தது. மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கலில் போய் இன்னொன்று வாங்கினேன். 1842-லிருந்து இருக்கும் கடை, உள்ளே நுழையவே தயக்கமாக இருக்கும். அதுவும் அறுந்தது. மூன்றாவது தடவை கவுண்டரில் இருந்தவர் கம்பியை நீட்டிக்கொண்டே, "வீட்ல கிணத்துல தண்ணி எறைக்கிறீங்களாம்மா?" என்றார்.

காரணம் தெரிந்தது 1990-ல், காலேஜ் கல்ச்சுரல்ஸ் ஒத்திகையில். கீபோர்டு வாசித்த பெண் ஜி-மைனரில் தொடங்கினாள். அந்தப் பாட்டின் சுருதி அதுதான். நான் அரை சுரம் மேலே நின்றேன். இருவரும் சேர்ந்து வாசித்தது பூனைச் சண்டை. யார் தப்பு என்று வாதம் முற்றி, அவள் வாட்சைக் கழற்றி மேசையில் வைத்து, என் மெஷினில் பாட்டை முழுசாக ஓடவிட்டாள். கேசட் அட்டையில் 5 நிமிஷம் 40 விநாடி என்று போட்டிருந்தது. என் மெஷின் 20 விநாடி முன்னதாகவே முடித்தது. கிட்டத்தட்ட 6 சதவீதம் வேகம், அதாவது அதே அரை சுரம் மேலே. இரண்டு வருஷமாக டீப் பர்ப்பிள், குயீன், கன்ஸ் அண்ட் ரோஸஸ் எல்லோரையும் அவசரமாகப் பாடவைத்திருக்கிறேன். குயீன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் குரல் எட்டாத உயரம் என்று நான் வியந்ததில் கொஞ்சம் அந்த மெக்கானிக்கின் கைங்கரியம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய டேப் ரெக்கார்டரை எடுப்பவர்கள் கவனிக்கவும். மெஷின் வேகமாக ஓடும்போது அதிலேயே ரெக்கார்டு செய்த கேசட், அதே வேகத்தில் ஓடினால் சரியாகக் கேட்கும். வேகத்தைச் சரிசெய்தால் அது இழுக்கும். ஆக என்னிடம் இருப்பவை மூன்று வகை: ரிப்பேருக்கு முன் பதிந்தவை, 1988-க்கும் 1990-க்கும் நடுவில் பதிந்தவை, பிறகு வந்தவை. இப்போதும் நடுவகைக் கேசட் போடும்போது பின்பக்க மூடியைக் கழற்றி, அந்தத் துளைக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, கடிகார முள் மாதிரி ஒரு மயிரிழை திருப்புகிறேன். மோட்டார் பக்கத்தில் நெயில் பாலிஷால் இரண்டு புள்ளி வைத்திருக்கிறேன். சிவப்பு சரியான வேகம், ரோஸ் மெக்கானிக் வேகம்.

கல்ச்சுரல்ஸ் என்றதும் ஐ.ஐ.டி. நினைவு. அங்கே நடக்கும் விழாவை இன்றைக்கு சாரங் என்கிறார்கள், 1996 வரை அதன் பெயர் மார்டி கிரா. ராக் இரவுக்கு அண்ணனைத் துணைக்கு வைத்து ஒருமுறை அனுப்பினார்கள், ஒன்பது மணிக்கு வீட்டில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. கிண்டியிலிருந்து பெரம்பூருக்கு அன்றைய பஸ்ஸில் ஒன்பது மணிக்கு வருவது என்றால் எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். திறந்தவெளி அரங்கில் மைக் டெஸ்டிங் கேட்டேன். நன்றாக இருந்தது.

கேசட் வாங்குபவர்களுக்கு: 60-ஐ விட 90-ன் நாடா மெலிசு. பிங்க் ஃப்ளாய்டின் தி வால் போன்ற இரட்டை ஆல்பம் 90-ல் தான் அடங்கும் என்று ஆசைப்பட்டால், நாடாவை இழுக்கும் ரோலர் பழசான மெஷின் அதை இடியாப்பமாகப் பிழிந்து கொடுக்கும். எனக்கு இரண்டு தடவை நடந்தது. பர்மா பஜாரில் வாங்கிய சிலவற்றில் மேலே 90 என்று போட்டு உள்ளே நாடா அதற்கும் குறைவாக இருந்ததும் உண்டு. பாட்டு நடுவில் டக்கென்று நிற்கும். சில பாட்டுகளுக்கு முடிவு என்ன என்று எனக்கு இணையம் வந்தபிறகுதான் தெரியும்.

2015 டிசம்பரில் வேளச்சேரி வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. மெஷின் பரணில் இருந்ததால் தப்பியது, கீழ் டிராயரில் இருந்த கேசட்டுகள் மூன்று நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தன. போச்சு என்று நினைக்கவேண்டாம். நாடா பிளாஸ்டிக்தான், தண்ணீரில் கரையாது. திருகாணி உள்ள கேசட்டாக இருந்தால் மேல்கூட்டைத் திறந்து, நாடாச் சுருளை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் காயவைத்து, நல்ல கூட்டில் மாற்றிப் போடலாம். தண்ணீரில் கெடுவது ஹெட்டுக்கு எதிரில் பஞ்சைத் தாங்கும் உலோகத் தகடும் திருகாணியும்தான். ஒட்டி மூடிய கேசட்டை உடைத்துத்தான் திறக்கவேண்டும். நான் 22 காப்பாற்றினேன், ஒன்பது போயிற்று. சங்கு கேசட் 22-ல் இருக்கிறது. முதலில் அதைத்தான் அலசினேன்.

போன வருஷம் ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒயர் போட்டு எல்லாவற்றையும் ஏற்றினேன். 'டைம்' ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன், "இந்தச் சங்கு ஆப்ல வர்றதுல இல்லையேம்மா, இது ஸ்பெஷல் எடிஷனா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்றைய நிலவரம்: ரேடியோவில் ஷார்ட் வேவ் முள் நகராது. வாலியூம் திருகினால் கரகரக்கும், நாலு தடவை முன்னும் பின்னும் திருப்பினால் அடங்கும். பெல்ட் இன்னும் ரிச்சி தெருவில் கிடைக்கிறது, பழசைக் கையில் கொண்டுபோய் அளவு காட்டுங்கள். ரோலர் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். ஹெட் துடைக்க காது குடையும் பஞ்சுக் குச்சி போதும். ரிவைண்டு பட்டனை மட்டும் தொடுவதில்லை, மோட்டார் பாவம். கேசட்டை வெளியே எடுத்துப் பென்சிலில் மாட்டிச் சுற்றுகிறேன். ஆறு பட்டைப் பென்சிலாக வாங்குங்கள். உருண்டைப் பென்சில் வழுக்கும்.