மெமரி பாலினாமியலா, நியூரல் நெட்வொர்க்கா?

மதுரைப் பக்கம் திருவிழா மைக்செட் கேட்டவர்களுக்கு இந்தக் கோளாறு புதிதல்ல. ஆம்ப்ளிஃபையரை முழுசாகத் திருகினால் பாட்டு கரகரக்கும். ரேடியோ ட்ரான்ஸ்மிட்டரில் அந்தக் கரகரப்பு பக்கத்துச் சேனலில் போய் விழும். அதுதான் வம்பு.

பவரைக் குறைத்து ஓட்டலாம். ஆனால் எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். அதனால், ஆம்ப்ளிஃபையர் கோணலாக்கப்போவதை முன்கூட்டியே கணித்து, சிக்னலை எதிர்ப்பக்கம் கோணலாக்கி அனுப்புகிறார்கள். இதற்குப் பெயர் ப்ரீடிஸ்டார்ஷன். எதிர்க்கோணலை எதை வைத்துக் கணக்கிடுவது என்பதில்தான் போட்டி: முந்தைய சாம்பிள்களையும் (சிக்னலை அடுத்தடுத்து அளந்த மதிப்புகள்) சேர்த்துக்கொள்ளும் பல்லுறுப்புக் கோவையான மெமரி பாலினாமியலா, டேட்டாவைப் பார்த்துக் கற்கும் நியூரல் நெட்வொர்க்கா? திருப்பரங்குன்றத்தில் என் மொட்டைமாடி அறையில், ஆண்டெனாவுக்குப் பதில் சிக்னலை வெளியே விடாமல் சூடாக்கித் தீர்க்கும் 50 ஓம் டம்மி லோடு மாட்டி இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன்.

பாலினாமியலில் 1, 3, 5, 7 என நான்கு படிகள். இப்போதைய சாம்பிளோடு முந்தைய மூன்று. மொத்தம் 16 கலப்பெண் கெழுக்கள். லீஸ்ட் ஸ்கொயர்ஸ் (பிழைகளின் வர்க்கக் கூட்டலை மிகக் குறைவாக்கும் கணக்கு) போட்டால் ஒரே மூச்சில் விடை. நெட்வொர்க்குக்கு அதே நான்கு சாம்பிள்களின் ஐ, க்யூ (சிக்னலை 90 டிகிரி இடைக்கோணத்தில் பிரித்த இரண்டு கூறுகள்) என 8 உள்ளீடு, நடுவில் 20 நியூரான், வெளியே 2. பழக்க வேண்டியவை 222 எண்கள். இன்னொன்று, சிக்னலின் ஃபேஸ் எப்படித் திரும்பியிருந்தாலும் ஆம்ப்ளிஃபையர் ஒரே மாதிரிதான் கோணலாக்கும். பாலினாமியலின் சூத்திரத்திலேயே அது அடங்கியிருக்கிறது. நெட்வொர்க்கோ அதையும் டேட்டாவைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். குற்றவாளி ஆம்ப்ளிஃபையர் மட்டும் என்றால் என் ஓட்டு பாலினாமியலுக்கே.

என் மலிவு போர்டில் குற்றவாளிகள் இரண்டு பேர். ஐ, க்யூ பாதைகளின் கெயின் ஒத்துப்போகவில்லை, இடைக்கோணமும் சரியாக 90 டிகிரி இல்லை. அதனால் சிக்னலுக்கு ஒரு கண்ணாடிப் பிம்பம் உண்டாகி, அதுவும் ஆம்ப்ளிஃபையருக்குள் நுழைந்து அசலோடு கலந்து கோணலாகிறது. சாதா பாலினாமியல் இதில் கையை விரித்துவிட்டது. அந்தப் பிம்பத்தைக் குறிக்கும் இணைக் கலப்பெண் உறுப்புகளைச் சேர்க்கலாம்தான். சேர்க்கச் சேர்க்கக் கணக்கு தள்ளாடும். ஐ, க்யூவைத் தனித்தனியாகவே பார்க்கும் நெட்வொர்க் இரண்டு கோளாறுகளையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. (ஆம்ப்ளிஃபையரிலிருந்து வருவதை அளக்கும் ரிசீவரிலும் இதே பிசகு இருந்தால், நெட்வொர்க் அதையும் ட்ரான்ஸ்மிட்டர் தலையில் கட்டிவிடும். முதலில் ரிசீவரைச் சரிசெய்யுங்கள். நான் இரண்டு ராத்திரி இதில் வீணாக்கினேன்.)

அப்புறம் கத்திரி வெயில். ராத்திரி பழக்கிய நெட்வொர்க் மத்தியானத் தகரக் கூரைக்கடியில் சொதப்பியது. சூட்டில் ட்ரான்சிஸ்டரின் குணமே மாறிவிடுகிறது. பாலினாமியலும் தப்பவில்லை, ஆனால் அந்த 16 கெழுக்களை உடனே திருப்பிப் போட்டுவிடலாம். சரி, நெட்வொர்க்கிலும் கடைசி அடுக்கின் 42 எண்களை மட்டும் லீஸ்ட் ஸ்கொயர்ஸில் புதுப்பித்தால் என்ன என்று பார்த்தேன். அந்த அடுக்கு நேர்கோட்டுக் கணக்கு என்பதால் முடிகிறது. இப்போது அப்படித்தான் ஓடுகிறது, ஹீட்சிங்க் பக்கம் திருப்பிவைத்த டேபிள் ஃபேனோடு.