பில் இல்லாத 'மூணு மாசக் கோர்ஸ்': ஹார்மோன் ஊசி வாங்கும் திருநங்கைகள் கவனத்துக்கு

மெடிக்கல் கடை ஒன்றில் 'பொம்பள ஹார்மோன் கோர்ஸ்' என்று கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம். கடையின் பெயரும் ஊரும் வேண்டாம். இதே மாதிரிப் பை பல ஊர்களில் கைமாறுகிறது. ஒரு கடையைக் காட்டிவிட்டால் மற்ற கடையெல்லாம் நல்ல கடை என்று ஆகிவிடும்.

வாங்கியவர் இன்னும் நிர்வாணம் (விரையையும் ஆணுறுப்பையும் நீக்கும் அறுவைச் சிகிச்சை) செய்துகொள்ளாத திருநங்கை. கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "இதாம்மா ஒரிஜினல். எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க. மாசத்துக்கு ஒரு ஊசி இடுப்புல போட்டுக்கோ, மாத்திரைய ராத்திரி ஒண்ணு ஒண்ணா போடு." மருத்துவர் சீட்டு கேட்கவில்லை. பில் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் பில் போட முடியாதும்மா" என்று பதில். பை அந்த இடத்திலேயே கடைக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

பையில் அட்டைப்பெட்டி இல்லாத மூன்று கண்ணாடி ஆம்பூல் (உடைத்து எடுக்கும் மருந்துக் குப்பி) இருந்தன. இரண்டில் ஒட்டியிருந்த தாள் சுரண்டப்பட்டிருந்தது. மூன்றாவதில் மட்டும் எழுத்து தப்பியிருந்தது: ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் கேப்ரோயேட், 500 மி.கி., 2 மி.லி. இது கர்ப்பம் தங்குவதற்காகப் பெண்களுக்குப் போடும் ஊசி. புரோஜெஸ்டிரோன் வகையைச் சேர்ந்தது, நமக்கு வேண்டிய பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இதில் ஒரு துளியும் கிடையாது. ஆனால் பார்வைக்கு உண்மையான ஈஸ்ட்ரோஜன் ஊசியான எஸ்ட்ராடயோல் வேலரேட் மாதிரியே மஞ்சள் நிற எண்ணெய். தாளைச் சுரண்டிவிட்டால் இரண்டையும் வேறுபடுத்த நம் கண்ணால் முடியாது.

இந்த ஏமாற்று மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. புரோஜெஸ்டிரோன் வகை மருந்துகள் மூளையிலிருந்து விரைக்குப் போகும் கட்டளையை அடக்கும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், காலையில் வரும் விறைப்பு நின்றுபோகும். 'ஊசி பிடிச்சிருச்சு' என்று சந்தோஷப்படுவோம். உண்மையில் ஆண் ஹார்மோன் குறைந்திருக்கிறது, அந்த இடத்தில் பெண் ஹார்மோன் வந்து சேரவில்லை. இரண்டும் குறைந்த உடம்பில் சோர்வும் மனச்சோர்வும் வரும். நாளானால் எலும்பும் தேயத் தொடங்கும். உடம்பு ஊதுவதைப் பார்த்து 'பெண் வாகு வருது' என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பார்த்தால் சாதாரணக் கருத்தடை மாத்திரை. எத்தினைல் எஸ்ட்ராடயோல் 0.03 மி.கி., லெவோநோர்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி. 28 மாத்திரையில் 21தான் ஹார்மோன், மீதி 7 வெறும் இரும்புச்சத்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதே கூட்டு மாலா-என் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது! காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும், பெரிய ஆபத்து அந்த எத்தினைல் எஸ்ட்ராடயோலில் இருக்கிறது. ரத்தக்கட்டு அபாயம் அதில் அதிகம் என்பதால் திருநங்கைகளுக்கான மருத்துவ வழிகாட்டுதல்கள் அதை வேண்டாம் என்றே சொல்கின்றன. சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இன்னும் மோசம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. லேபில் எடுக்கும் எஸ்ட்ராடயோல் பரிசோதனையில் எத்தினைல் எஸ்ட்ராடயோல் தெரியாது. ரிப்போர்ட்டில் அளவு குறைவாக வரும். அதைப் பார்த்து 'பத்தலை' என்று ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி விழுங்குவார்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ காலை வரைக்கும் காத்திருக்காமல் 108 கூப்பிடுங்கள். என்ன மாத்திரை, எத்தனை போட்டீர்கள் என்பதை டூட்டி டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அட்டை இல்லாமல் காகித உறையில் மடித்துக் கொடுத்த வெள்ளை மாத்திரைகளும் இருந்தன. உறையின் மேல் பேனாவால் 'ஸ்பைரோ' என்று எழுதியிருந்தது. ஸ்பைரோனோலாக்டோன் உண்மையிலேயே டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்கக் கொடுக்கிற மருந்துதான். ஆனால் அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், பொட்டாசியத்தை ஏற்றும். சிறுநீரகமும் பொட்டாசியமும் பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது. வெயில் காலத்தில் இதைப் போட்டுக்கொண்டு நாளுக்கு மூன்று நான்கு இளநீர் குடிக்கிற பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும், இளநீரில் பொட்டாசியம் நிறைய. வேறு பைகளில் இதே இடத்தில் இன்னொரு தடுப்பு மருந்தான சைப்ரோடிரோன் 50 மி.கி. வருகிறது. நாளுக்கு 10 மி.கி. அளவே போதும் என்பதுதான் 2022இல் வந்த உலகத் திருநர் சுகாதார வழிகாட்டுதலின் எட்டாம் பதிப்பு சொல்வது. அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் மூளை உறையில் கட்டி வரும் அபாயம் கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் எச்சரித்தது.

நிர்வாணம் முடிந்தவர்களுக்கும் இந்த 'தடுப்பு மாத்திரை'யை விற்கிறார்கள். விரை இல்லாத உடம்பில் எதைத் தடுக்க? அவர்களுக்கு வேண்டியது ஈஸ்ட்ரோஜன். அதை நிறுத்தினால்தான் எலும்புக்கு ஆபத்து.

கடைசியாக, சிவப்பு மூடி போட்ட மூன்று இன்சுலின் சிரிஞ்சு. மயிரிழை போன்ற அந்த ஊசி வழியாகக் கெட்டியான எண்ணெய் லேசில் இறங்காது. 2 மி.லி. மருந்து 1 மி.லி. சிரிஞ்சில் அடங்கவும் செய்யாது. பையைக் கட்டியவருக்கு ஊசி போடத் தெரியாது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அந்தச் சிவப்பு மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் இன்சுலின் சிரிஞ்சு இரண்டு வகை. சிவப்பு மூடியில் 40 யூனிட் என்றால் 1 மி.லி. ஆரஞ்சு மூடியில் 100 யூனிட் என்றால் 1 மி.லி. "40 யூனிட் இழு" என்று ஒரு அக்கா சொல்கிறார். அவர் கையில் இருப்பது ஆரஞ்சு, அது 0.4 மி.லி. உங்கள் கையில் சிவப்பு, அது முழு 1 மி.லி. மி.லி.க்கு 10 மி.கி. உள்ள ஆம்பூலில் அவருக்கு 4 மி.கி., உங்களுக்கு 10 மி.கி. ஹார்மோனை யூனிட்டில் பேசவே வேண்டாம். மி.கி.யில் சொல்லச் சொல்லுங்கள், மி.லி.யில் இழுங்கள்.

சரியான மருந்து எது? பெட்டியில் 'எஸ்ட்ராடயோல் வேலரேட் ஊசி' என்று முழுப்பெயர் இருக்க வேண்டும். பக்கத்தில் மி.லி.க்கு எத்தனை மி.கி., பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தயாரிப்பாளர் முகவரி, மருத்துவர் சீட்டில் மட்டும் விற்க வேண்டும் என்ற எச்சரிக்கை. பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணும் ஆம்பூலில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். எந்த எண்ணெயில் கரைத்தது என்பதையும் படியுங்கள். ஆமணக்கு, எள், கடலை என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடலையோ எள்ளோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

'மாசத்துக்கு ஒண்ணு' என்பதும் பொய்க் கணக்கு. வேலரேட் போட்ட இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கிக்கொண்டே வரும். இரண்டு வாரம் தாண்டினால் பெரும்பாலும் வற்றிவிடும். நிர்வாணம் ஆகாதவருக்கு மீதி நாளில் டெஸ்டோஸ்டிரோன் திரும்பத் தலைதூக்கும். மூன்றாம் வாரம் முகத்தில் எண்ணெய் வடிவது, எரிச்சல், வெட்கையாக இருப்பது எல்லாம் அதனால்தான். மேலே சொன்ன எட்டாம் பதிப்பு வழிகாட்டுதல் சொல்லும் அளவு வாரத்துக்கு 2 முதல் 10 மி.கி., அல்லது இரண்டு வாரத்துக்கு 5 முதல் 30 மி.கி. உங்களுக்கு எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பொதுவாகக் கீழ்முனையில் தொடங்குவார்கள். எஸ்ட்ராடயோல் மி.லி.க்கு 100 முதல் 200 பிகோகிராம், டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழ் என்பது வழக்கமான இலக்கு. எப்போது ரத்தம் கொடுத்தீர்கள் என்று தெரியாத ரிப்போர்ட்டால் பிரயோஜனம் இல்லை. அடுத்த ஊசிக்கு முந்தின நாளோ, அன்று காலை ஊசிக்கு முன்போ கொடுத்து, கடைசி ஊசி போட்ட தேதியைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சில இயந்திரங்களில் அது எஸ்ட்ராடயோலைக் கூட்டிக் காட்டும்.

போடும் முறைக்கு வருவோம். முதல் சில தடவை நர்ஸ் முன்னால் போட்டுக் காட்டிப் பழகுங்கள். தானே போடுகிறவருக்குத் தொடைதான் வசதி: முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே, மூன்றாகப் பிரித்த நடுப்பகுதியின் வெளிப்பக்கம். புட்டத்தில் உள்பக்கமாகவோ கீழாகவோ போட்டால் கால் நரம்பில் படும். கால் மரத்து இழுத்து இழுத்து நடக்கிற நிலை அப்படித்தான் வருகிறது. மார்பிலேயே போட்டால் சீக்கிரம் வளரும் என்று சொல்கிறவரிடம் ஊசியே வாங்காதீர்கள். ஹார்மோன் ரத்தத்தின் வழியாகப் போய்த்தான் வேலை செய்யும், மார்பில் குத்தினால் மிஞ்சுவது சீழ்க்கட்டி.

1 மி.லி. சிரிஞ்சு ஒன்று (இன்சுலின் சிரிஞ்சு அல்ல), ஊசி இரண்டு வேண்டும். மருந்தை இழுக்க 18 முதல் 21 கேஜ் (ஊசியின் தடிமனைக் குறிக்கும் எண்), சதையில் குத்த 22 அல்லது 23 கேஜ், ஒன்று முதல் ஒன்றரை அங்குல நீளம். ஒல்லியான தொடைக்கு ஒரு அங்குலமே போதும். சோப்பு போட்டுக் கை கழுவி, ஆம்பூலை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் வைத்திருங்கள், எண்ணெய் இளகும். தலையைச் சுண்டி மேலே நிற்கும் மருந்தைக் கீழே இறக்கி, கழுத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, பஞ்சோடு பிடித்து உங்களுக்கு எதிர்ப்பக்கமாக உடையுங்கள். உடையும்போது கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள் உள்ளே விழும். வடிகட்டி ஊசி கிடைத்தால் அதால் இழுப்பது நல்லது, கிடைக்காவிட்டால் அடியைத் தொடாமல் மெதுவாக இழுங்கள். இழுத்த ஊசியாலேயே குத்தாதீர்கள்: அது மழுங்கியிருக்கும், துகளும் ஒட்டியிருக்கும். ஊசி மாற்றியபின் காற்றை வெளியேற்றி, அளவுக்கோடு சரிபார்த்து, தோலைத் துடைத்து அரை நிமிடம் காய விடுங்கள். ஸ்பிரிட் காயாமல் குத்துவதால்தான் பாதி எரிச்சல். நேராக 90 டிகிரியில் குத்தி, 1 மி.லி.க்குப் பத்து விநாடி என்ற வேகத்தில் இறக்கி, இன்னும் பத்து விநாடி பொறுத்து எடுங்கள். அழுத்திப் பிடித்தால் போதும், தேய்க்க வேண்டாம். அடுத்த முறை மறுதொடை.

ஓரிரு நாள் வலி இருக்கும், அது சகஜம். இரண்டு நாளுக்கு மேல் சிவப்பு பரவினாலோ, சூடாகக் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அது சீழ். ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்காராமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆம்பூல் ஒரே தடவைக்கானது, அதில் கிருமித் தடுப்பு கிடையாது. 10 மி.கி.யில் 4 போட்டு மீதி 6ஐ சிரிஞ்சிலேயே ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு, வைக்காதீர்கள். பணம் வீணாகிறதே என்று வீட்டில் இரண்டு பேர் ஒரே சிரிஞ்சில் பங்கு போடுவது எச்.ஐ.வி.க்கும் ஹெபடைட்டிஸ் சி-க்கும் நேர்வழி. ஆம்பூல் வீணாகாத மாதிரி அளவையும் இடைவெளியையும் அமைக்க முடியுமா என்று மருத்துவரிடம் நேராகவே கேட்கலாம், அவர்களுக்குப் புரியும். ரப்பர் மூடி போட்ட, பலமுறை எடுக்கக்கூடிய மருந்துக் குப்பி (வயல்) என்றால், துளைத்த தேதியை அதன் மேலேயே எழுதி 28 நாளில் தூக்கிப்போடுங்கள். போட்ட ஊசிக்கு மூடி மாட்டக் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து ஆஸ்பத்திரியிலோ லேபிலோ ஒப்படைக்கலாம்.

தமிழ்நாட்டில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராசாசி மருத்துவமனையிலும் திருநருக்கான சிறப்புப் பிரிவு நடந்திருக்கிறது. எந்தக் கிழமை, என்ன நேரம் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். ஹார்மோன் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது அரசின் கடமை என்று 2019ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. 'இங்க அதெல்லாம் கிடையாது' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

ஏற்கெனவே இப்படி ஒரு பை வாங்கியிருந்தால் எதையும் தூக்கிப்போடாதீர்கள். மீதி ஆம்பூல், அட்டை, உறை, பை எல்லாவற்றையும் தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள். ஜிபே-யில் கொடுத்திருந்தால் பில் இல்லாவிட்டாலும் அந்தப் பதிவு உங்கள் சாட்சி. புகாரை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915லும் பதியலாம். மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940இன் 26ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து வாங்கிய எவரும் கட்டணம் கட்டி அந்த மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, அறிக்கையைக் கையெழுத்தோடு வாங்கலாம். அதற்கு உடைக்காத ஆம்பூல் வேண்டும். ஒன்றையாவது உடைக்காமல் வையுங்கள்.