பிரேமைத் திறந்து காட்டாத கடையில் கார்ட்டூன் பட செல் வாங்காதீங்க, எனக்கு 1,850 வெள்ளி போச்சு

கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய பொம்மை, போஸ்டர், கார்ட்டூன் படப் பொருள்கள் விற்கும் சின்னக் கடை, நகரத்து மால் ஒன்றின் மேல்மாடியில். பெயர் சொல்லப் போவதில்லை. போனது 1,850 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

செல் என்றால் தெரியாதவர்களுக்கு: அந்தக் காலக் கார்ட்டூன் படங்களில் ஒவ்வொரு அசைவையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில், முன்பக்கம் கோடு பதித்து, பின்பக்கம் ஆள் வைத்துப் பெயிண்ட் தீட்டி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துப் படம் பிடிப்பார்கள். அந்தத் தாள்தான் செல். டிஸ்னி ஸ்டூடியோ அப்படி எடுத்த கடைசி முழுநீளப் படம் 'தி லிட்டில் மெர்மெய்ட்' (1989). 1990-இல் வந்த அடுத்த படத்துக்கே வண்ணம் தீட்டும் வேலை கணினிக்குப் போய்விட்டது. அந்தக் கடைசிப் படத்திலிருந்து ஒன்றாவது வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

கடையில் இருந்தவர் நம் தமிழ்த் தம்பி. "அக்கா, இது படத்துல ஓடின செல், கேமரா முன்னாடி இருந்ததே இதுதான்" என்று விளக்கடியில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். பிரேமைத் திறந்து பின்பக்கம் காட்டச் சொன்னேன். "முப்பது வருசத்துக்கு மேல ஆன பெயிண்ட் அக்கா, இந்த ஊர் ஈரக்காத்துல திறந்தா உரிஞ்சு வந்துடும், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது." பழைய செல்லில் பெயிண்ட் உரிவது உண்மை, அதனால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது. பொருள்மேல் என்னைவிட அவருக்குத்தான் அக்கறை அதிகம் போலிருந்தது! தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ் வேறு. அங்கேயே நின்று பேநவில் (போன் வழியாகப் பணம் அனுப்பும் வசதி) 1,850 வெள்ளி அனுப்பினேன்.

அப்புறம் பிரேமுக்குள் படத்தைச் சுற்றி ஓரம் மறைக்கும் மவுண்ட் அட்டையை மாற்றலாம் என்று பிரேம் போடுபவரிடம் கொடுத்தேன். அவர் பிரித்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. தூரிகை ஓடிய தடம் இல்லை, மேடு பள்ளம் இல்லை, பனியனில் படம் அச்சடிப்பார்களே அதுபோல வண்ணம் எல்லாம் ஒரே சமமாக இருந்தது. அட்டை மறைத்திருந்த மூலையில் 5,000 பிரதிகளில் ஒன்று என்று எண்ணே போட்டிருக்கிறது. அது செரிசெல், ஞாபகார்த்தமாக ஸ்கிரீன் பிரிண்டில் அடித்து விற்பது, கேமரா பக்கமே போகாதது. செரிசெல் என்று சொல்லி, செரிசெல் விலைக்கு விற்றால் ஒரு தப்பும் இல்லை. 1,850 வெள்ளிக்கு?

வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன், நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. போன் போட்டால் "பாஸ் ஜேபி (ஜொகூர் பாரு) போயிருக்கார்". நேரில் போனால் அக்கா இல்லை, "மேடம்" ஆகிவிட்டேன். சான்றிதழ் பொய்யில்லையே என்றார். பொய்யில்லைதான், அதிகாரபூர்வ அனிமேஷன் கலைப்பொருள் என்றுதான் போட்டிருக்கிறது, படத்தில் பயன்பட்டது என்று எங்குமே இல்லை. ரசீதிலும் வெறும் "செல்". விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினார். கடைசியில் 300 வெள்ளிக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாமாம். என் 1,850 வெள்ளிக்கு!

அதே சுவரில் 'தி லயன் கிங்' செல் ஒன்றும் "ஒரிஜினல், படத்தில் வந்தது" என்ற சீட்டோடு தொங்குகிறது. 1994-இல் வந்த அந்தப் படம் முழுக்கக் கணினியில் வண்ணம் தீட்டியது, அதற்குப் படம்பிடித்த செல் என்று ஒன்று கிடையவே கிடையாது.

விளக்கமாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. பின்பக்கம் காட்டாவிட்டால் வாங்காதீர்கள். அட்டை மறைத்திருக்கும் ஓரங்களைப் பாருங்கள். "படத்தில் பயன்பட்டது" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும், வாங்கி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நான் இந்த வாரம் போடுகிறேன். அது முடியும்வரை கடைப் பெயரைத் தனிச் செய்தியில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.