தூரம் தரும் அயன்கள், வன்னித் தரையில்: நான்கு வருடப் பாவனைக்குப் பிறகு

வன்னியில் கோல்ஃப் மைதானம் இல்லை. ஆனால் அயன் செட், அதாவது சரிந்த முகமுள்ள உலோகத் தலைக் கோல்ஃப் கோல்களின் தொகுதி, இருக்கும் வீடுகள் உண்டு. கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ விடுமுறைக்கு வந்தவர் விட்டுவிட்டுப் போனதாக இருக்கும், அல்லது கொழும்பில் பழசாக வாங்கியதாக இருக்கும். முழு ஆட்டம் ஆட திருகோணமலைச் சீனன்குடா விமானப்படை மைதானத்துக்கோ நுவரெலியாவுக்கோ கொழும்புக்கோ போகவேண்டும். மற்ற நாட்களில் எல்லாம் பயிற்சி நம் வெட்டையில்தான். அப்படி விட்டுச் செல்லப்படும் செட்டுகளில் பெரும்பாலானவை 'கூடத் தூரம், பிழையைப் பொறுக்கும்' என்று விற்கப்படும் அகன்ற தலை அயன்கள். இங்கே எழுதுவது அப்படியான ஒரு செட்டை, 5 முதல் 9 வரையும் (இலக்கம் கூடக்கூட முகத்தின் சரிவு கூடும், தூரம் குறையும்) கிட்டத் தூரத்துக்கான பிட்ச்சிங் வெட்ஜும், நான்கு வருடம் இந்தத் தரையில் பாவித்ததில் தெரிந்தவை.

முதலில் தூரம். 7 அயனை எடுத்தால் பந்து பழைய பாணி 7ஐவிட 10, 12 யார் (கெஜம்) கூடுதலாகப் போகிறது, உண்மைதான். ஆனால் அடியில் பொறித்திருக்கும் '7' என்ற இலக்கத்தைக் கழித்துவிட்டு முகத்தின் சரிவைப் பாருங்கள். பழைய பாணி அயனில் 7இன் லொஃப்ட், அதாவது அந்தச் சரிவு, 34 பாகை அளவில் இருக்கும். எங்களிடம் உள்ள செட்டில் அது 29. பழைய செட்டில் 6 அயனே 30 பாகை. ஆக, இந்த 7ஐ அந்த 6உடன் பக்கத்தில் வைத்து அடித்தால் வித்தியாசம் இரண்டு மூன்று யாருக்குள் சுருங்கிவிடும். கூடுதல் தூரத்தில் பெரும்பங்கு இலக்கம் மாறியதால் வந்தது.

இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. சரிவை வெறுமனே குறைத்தால் பந்து எழும்பாமல் தாழப் போகும். இந்த அயன்களில் எடை தலையின் அடிப்பாகத்துக்கும் பின்பக்கத்துக்கும் இறக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் 29 பாகையிலும் பந்து பழைய 7 அளவுக்கு மேலே ஏறுகிறது. முகத்தகடும் மெல்லியது, சில இடங்களில் 2 மில்லிமீற்றர் அளவுதான். அடி விழும்போது சற்று உள்வாங்கித் திரும்பத் தள்ளும். தலை உள்ளே பொள்ளலாக உள்ளவற்றில் சத்தம் கொஞ்சம் தகரம் போலக் கேட்கும். அது பழுது இல்லை. ஆனால் அயனை அசைக்கும்போது உள்ளே கல் உருளுவது போலச் சத்தம் வந்தால் உள்ளே ஒட்டிய பசைத் துண்டு கழன்றிருக்கிறது என்று அர்த்தம்.

பொறுமைதான் இந்த அயன்களின் உண்மையான பெறுமதி. காவுதடியின் இரண்டு முனையிலும் நிறைந்த வாளி தொங்கும்போது ஆள் சட்டென்று திரும்ப முடியாது. வாளிகளை நடுவுக்கு நகர்த்தினால் இலகுவாகத் திரும்பலாம். அயன் தலையிலும் இதே கணக்குத்தான். நடுவைக் குடைந்து எடையைத் தண்டுப் பக்கமான குதிப்பக்கத்துக்கும் மறுபக்க நுனிக்கும் தள்ளினால், பந்து நுனியில் பட்டாலும் தலை அதிகம் முறுகாது. இந்தக் கணக்கை கோல்ஃபுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நோர்வேயில் பிறந்த பொறியியலாளர், 1959இல் முதல் 'பிங்' பட்டரை (பந்தைக் குழிக்குள் உருட்டும் கோல்) செய்தவர், பிறகு அதே எண்ணத்தை அயனுக்கும் கொண்டுபோனார்.

எங்கே படுகிறது என்று பார்க்க ஒரு கருவியும் தேவையில்லை. கரும்பலகைச் சோக்கை முகம் முழுக்க மெல்லியதாகப் பூசி ஒரு பந்து அடியுங்கள். பட்ட இடத்தில் சோக்கு போய், ஒரு நாணயத்தின் அளவில் வெறும் உலோக வட்டம் தெரியும். பத்துப் பந்து இப்படி அடித்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு வட்டம் நடுவில் இருந்து நுனிப்பக்கமாக ஒரு சென்ரிமீற்றர் தள்ளியே விழும். இந்த அயனில் அப்படி விழுந்த பந்து சில யார் குறையும், கொஞ்சம் வலம் போகும், ஆனாலும் ஆட்டத்துக்குள் நிற்கும். எடையை இப்படிப் பரப்பாத, மெல்லிய தலையுள்ள பிளேட் அயனில் அதே அடி இருமடங்கு குறையும், கையும் விறைக்கும்.

இந்தப் பொறுமை இடம் வலத்துக்கு மட்டும்தான். பந்தைத் தொடுமுன் அயன் தரையில் பட்டால் என்ன நடக்கும் என்பது வேறு கதை, வன்னியில் அதுதான் முழுக் கதையும்.

விளம்பரப் படங்களில் அயன் இறங்குவது ஈரமான, மெத்தென்ற புல்லில். அங்கே அகன்ற அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கிவிடும். நமது செம்மண்ணும் வயல்மண்ணும் மாசிக்குப் பிறகு காய்ந்து செங்கல்லாகிவிடும். இரண்டு சென்ரிமீற்றர் பிந்தி அடித்தால் அந்த அகன்ற அடிப்பாகம் மண்ணுக்குள் இறங்காது, துள்ளி எழும்பும். கோல்ஃப் பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீற்றர், அதாவது அதன் இடுப்பு தரையில் இருந்து 21 மில்லிமீற்றரில். துள்ளி எழும்பிய அயனின் முன்விளிம்பு நேராக அந்த இடுப்பில் விழும். பந்து முழங்கால் உயரத்தில் சீறிக்கொண்டு 80, 90 யார் ஓடும். 'இந்தச் செட் எனக்குச் சரிவரவில்லை' என்று பலர் ஒதுக்கிவைப்பது இந்த ஒரு காரணத்தால்தான்.

இதற்கு மாற்று செட்டை மாற்றுவது அல்ல. காய்ந்த தரையில் பந்தை வழமையான இடத்தில் இருந்து அரைப்பந்து பின்னுக்கு வையுங்கள். நிற்கும்போதே உடல்பாரம் இலக்குப் பக்கக் காலில் பாதிக்குமேல் இருக்கட்டும், அடித்து முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். கைகள் பந்துக்குச் சற்று முன்னால். சரியா என்று பார்க்கத் தடியால் மண்ணில் ஒரு கோடு கீறி, பந்து இல்லாமல் வீசுங்கள். தூசி கோட்டுக்கு முன்பக்கம் எழும்ப வேண்டும். கோட்டுக்குப் பின்னால் எழும்பினால் பந்து வைக்கும் நேரம் இன்னும் வரவில்லை.

தும்புக் கால்மிதியை விரித்து அதில் அடிப்பவர்கள் உண்டு. பழக்கம் கெடும். அகன்ற அடிப்பாகம் மிதியில் வழுக்கிப் பிந்திய அடியையும் நல்ல அடியாகக் காட்டிவிடும். அதைவிட வளவுக்குள் ஒரு புல்பாத்தி போடுவது எவ்வளவோ மேல். இரண்டு மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, இரண்டு பங்கு ஆற்றுமணலுக்கு ஒரு பங்கு மேல்மண், கொஞ்சம் மக்கிய மாட்டெரு கலந்து நிரப்புங்கள். அதில் அறுகம்புல் கொடிகளைப் பத்துப் பத்துச் சென்ரிமீற்றர் இடைவெளியில் நடுங்கள். அறுகு என்பது வேறு புல் அல்ல. வெப்பநாட்டு கோல்ஃப் மைதானங்களில் 'பெர்முடா' என்று போடப்படும் புல்லின் இனம்தான் அது. பூசை அறையில் பிள்ளையாருக்கு வைக்கும் புல் அடிவாங்கித் தளிர்ப்பதில் உலகத்திலேயே பேர் போனது. ஐப்பசி மழையோடு நட்டால் தைக்குள் அடிக்கத் தயார். உயரத்தை இரண்டு சென்ரிமீற்றருக்குள் வெட்டி வைத்திருங்கள். ஒரே இடத்தில் அடிக்காமல் வரிசையாக நகர்ந்தால் பாத்தி வருடக்கணக்கில் நிற்கும்.

கிறவல் நிலத்தில் அயனை வைக்கவே வேண்டாம். ஒரே நாளில் அடிப்பாகத்துக் குரோம் பூச்சில் கீறல் விழும், அந்தக் கீறலில் மாரியில் துரு பிடிக்கும். முருங்கன் பக்கத்துக் கரிய களியும் கோடையில் வெடித்துப் பிளந்து கிடக்கும், முன்விளிம்பு வெடிப்புக்குள் மாட்டினால் மணிக்கட்டு பிசகும். மாறாக முல்லைத்தீவுக் கரையோர மணலிலும், மழை விட்ட வயலின் ஈரமண்ணிலும் இந்த அகன்ற அடிப்பாகம்தான் காப்பாற்றுகிறது. பிளேட் அயன் மண்வெட்டி போல உள்ளே போகும் இடத்தில் இது மேலால் போய்விடுகிறது.

தூரம் அடிக்கும் அயன் என்பதால் இடத்தைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். உதைபந்தாட்ட மைதானத்தின் நீளம் ஏறக்குறைய 100 மீற்றர், அதாவது 110 யார். நடுத்தர வேகத்தில் வீசுபவரின் 7 அயன் பந்து 130, 140 யாரில்தான் தரை தொடும். பள்ளிக்கூட மைதானத்தில் 9 அயனுக்கு மேல் எடுக்காதீர்கள், ஒரு பிள்ளை நின்றாலும் எதையும் எடுக்காதீர்கள். அறுவடை முடிந்து மாடு அவிழ்க்காத வயல் நல்ல இடம். பந்து வயலைத் தாண்டிப் பற்றைக்குள் விழுந்தால் போனது போனதாகவே இருக்கட்டும். பயிர் செய்யாத, துப்புரவாக்கப்பட்டதென்று உறுதியில்லாத நிலத்துக்குள், அபாயப் பலகையோ சிவப்புக் கட்டையோ கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கூட, ஒரு பந்துக்காகக் கால் வைக்கக்கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கும் மண் இது.

இனி மைதானத்தில் இந்தச் செட் எப்படி. சோளகம் வீசும் மாதங்களில், வைகாசி முதல் புரட்டாதி வரை, எதிர்க்காற்றில் இந்த அயன் நன்றாக நிற்கிறது. சரிவு குறைவு, பின்சுழற்சி குறைவு, பந்து காற்றில் ஏறி நின்று பின்வாங்காது. அதே குறைந்த சுழற்சி கிரீனில், அதாவது குழியும் கொடியும் உள்ள குட்டைப் புல்தரையில், எதிரியாகிறது. தொழில்முறை ஆட்டக்காரரின் 7 அயன் பந்து நிமிடத்துக்கு 7000 சுற்று அளவில் சுழன்று, 50 பாகை செங்குத்தாக இறங்கி அந்த இடத்திலேயே நிற்கும். மெதுவாக வீசுபவர் 29 பாகை அயனில் அடித்த பந்து அவ்வளவு சுழலாது, படுத்து இறங்கும், காய்ந்த கிரீனில் பத்துப் பதினைந்து யார் உருண்டோடும். ஆகவே கொடியைக் குறிவைக்காமல் கிரீனின் முன்விளிம்பைக் குறிவைத்து உருளவிடுவதுதான் வழி. நுவரெலியா கடல்மட்டத்தில் இருந்து 1,800 மீற்றருக்கு மேல். மெல்லிய காற்றில் பந்து ஆறு ஏழு வீதம் கூடப் பறக்கும். அங்கே இந்தச் செட்டோடு போனால் ஒரு இலக்கம் கூடிய, தூரம் குறைந்த அயனை (7க்குப் பதில் 8) எடுக்கப் பழகுங்கள்.

வாங்கும்போது ஒருவரும் சொல்லாத சிக்கல் வெட்ஜ் பக்கம். பிட்ச்சிங் வெட்ஜ் 43 பாகை, மணற்குழியில் இருந்து அடிக்கும் வழமையான சாண்ட் வெட்ஜ் 56. இடையில் 13 பாகை, அதாவது 30 யாருக்கும் மேற்பட்ட பள்ளம். 100 யார் சுற்றுவட்டத்தில் எதை எடுத்தாலும் பிழையாகும். 48இல் ஒன்றும் 52இல் ஒன்றும் சேர்த்தால் பள்ளம் மூடும். ஒன்றுக்குத்தான் வசதி என்றால் 49 அல்லது 50. பையில் 14 கோலுக்கு மேல் விதி அனுமதிக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது ஆஃப்செட். இந்த அயன்களின் முகம் தண்டுக்குச் சற்றுப் பின்தள்ளி இருக்கும். பந்தை வலப்பக்கம் வெட்டி அடிப்பவருக்கு அது மருந்து. நேராக அடிக்கத் தெரிந்த வலக்கைக்காரருக்கு அதே ஆஃப்செட் பந்தை இடப்பக்கம் இழுத்துவிடும்.

பராமரிப்பில் மூன்று விஷயம். செம்மண் முகத்து வரிப்பள்ளங்களுக்குள் அடைந்தால் இருக்கும் கொஞ்சச் சுழற்சியும் போய்விடும். பழைய பல்துலக்கியும் சவர்க்காரத் தண்ணீரும் போதும், கம்பித் தூரிகை வேண்டாம். கழுவியதும் துணியால் துடையுங்கள். நமது கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படிவு வரிப்பள்ளத்தில் இறுகும். இரண்டாவது, வெயிலில் நிறுத்திய வாகனத்தின் பின்பெட்டிக்குள் செட்டை விட்டுவிடாதீர்கள். தலையைத் தண்டோடு பிடித்திருப்பது எப்பொக்சிப் பசை, சூட்டில் இளகும். தலைக்கு மேலே உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் வளையம் மேலே நகர்ந்து இடைவெளி தெரிந்தால் பிடி விடத் தொடங்கியிருக்கலாம். அந்த அயனை வீசாமல் ஒட்டக் கொடுங்கள். கழன்று பறக்கும் தலை பந்தைவிட ஆபத்து.

மூன்றாவது கிறிப், தண்டின் கைப்பிடி உறை. வியர்வையும் தூசியும் சேர்ந்து ஆறு மாதத்தில் கண்ணாடியாக்கிவிடும். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் மாதம் ஒருமுறை தேய்த்தால் ஒரு வருடம் தாங்கும். மாற்றுவது வீட்டு வேலைதான். பழையதைக் கொக்கிக் கத்தியால் கீறி எடுங்கள். தண்டு கிராஃபைட் என்றால் கத்தியின் நுனி தண்டில் படவே கூடாது. பழைய நாடாவைச் சுரண்டிவிட்டு இருபக்கமும் ஒட்டும் நாடாவை நீளவாக்கில் ஒட்டி, மேல்முனையில் ஒரு சென்ரிமீற்றர் மிச்சம்விட்டுத் தண்டின் துவாரத்துக்குள் மடியுங்கள். புதுக் கிறிப்பின் காற்றுத்துளையை விரலால் அடைத்து டேர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, அதை அப்படியே நாடாவின்மேல் ஊற்றி, ஒரே மூச்சில் தள்ளி ஏற்றுங்கள். பாதியில் நின்றால் இறுகிவிடும். 24 மணித்தியாலம் காயவிடுங்கள்.

தண்டு விடயத்தில் தயக்கம் வேண்டாம்: இந்தத் தரைக்குக் கிராஃபைட். உருக்குத் தண்டு இறுகிய மண்ணில் பட்ட அதிர்வை முழங்கைக்கு அப்படியே அனுப்பும். வெளிநாட்டில் இருந்து கொண்டுவரச் சொல்பவர்கள் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: 5 அயன் 38 அங்குலத்துக்குக் கிட்ட, சாதாரண சூட்கேசுக்குள் வராது, நீளப் பெட்டி வேண்டும். இன்னும் நல்லது 5 அயனையே விட்டுவிட்டு வரச் சொல்வது. 23 பாகையில் அதை மேலே எழுப்ப வேகமான வீச்சு வேண்டும். அந்த இடத்தில் ஒரு 5 ஹைப்ரிட் (அயனைவிடத் தடித்த தலையுள்ள கோல்) இருந்தால் காய்ந்த தரையிலும் பந்து எழும்பும்.