வேகஸ் வழியா, சியாட்டில் வழியா?

வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கித் தொடரில் புது அணியைக் கட்டுபவர் யாரைப் பின்பற்றுவது? 2017-இல் வேகஸும் 2021-இல் சியாட்டிலும் ஒரே விதிகளில்தான் ஆள் எடுத்தன: மற்ற ஒவ்வோர் அணியிலிருந்தும், அது பாதுகாக்காத ஒரு வீரர் (சியாட்டில் எடுத்தபோது வேகஸுக்கு மட்டும் விலக்கு). வழிதான் வேறு.

நுழைவுக் கட்டணம்: வேகஸ் 50 கோடி டாலர், சியாட்டில் 65 கோடி.

சம்பள உச்சவரம்பு (ஓர் அணி வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கான எல்லை): வேகஸ் அந்த எல்லைக்குள் தனக்கிருந்த காலி இடத்தையே விற்றது. கொலம்பஸ், காயத்தால் ஆட முடியாத கிளார்க்சனின் சம்பளச் சுமையைத் தள்ளிவிட, இளம் வீரர்களை எடுக்கும் முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் சேர்த்துக் கொடுத்தது. அதே பேரத்தில் வந்த வில்லியம் கார்ல்சன் முதல் சீசனிலேயே 43 கோல் அடித்தார்! சியாட்டில் அப்படி எந்தப் பேரமும் முடிக்கவில்லை. ஆண்டுக்கு 1.05 கோடி டாலர் சுமையுள்ள மாண்ட்ரியல் கோல்கீப்பர் கேரி பிரைஸையும் தொடவில்லை. அது சரியான முடிவு என்பேன். ஆனால் மிச்சம்பிடித்த இடத்தில் கோல்கீப்பர் குரூபாவருக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டது, சரி, அதை விடுங்கள்.

முதல் சீசன்: வேகஸ் இறுதிப்போட்டி வரை, சியாட்டில் வெறும் 60 புள்ளி.

அப்புறம்: சியாட்டில் மறு ஆண்டே 100 புள்ளி எடுத்தது. வேகஸுக்கோ உச்சவரம்பு கழுத்தை நெரித்தது; 2021-இல் தன் நட்சத்திர கோல்கீப்பர் ஃப்ளூரியையே வேறு அணிக்கு அனுப்பிவிட்டது. ஆனாலும் 2023-இல் சாம்பியன் கோப்பை அதற்குத்தான்.

மற்ற அணிகள் பதறும்போது பேரம் பேசத் தெரிந்தவருக்கு வேகஸ் வழி. இன்று அவை உஷாராகிவிட்டதால், பொறுமையான முதலாளி இருந்தால் சியாட்டில் வழி.