டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்: பின் சஸ்பென்ஷனைச் சீராக்கி நெடுநாள் ஓட்டியதில் தெரிந்தவை

வளைவில் வேகமாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கம் எகிறும். 1962 முதல் வந்த ஸ்விங் ஆக்ஸில்தான் (சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் பின் அச்சு) காரணம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகும் அரை ஆக்ஸிலில், நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) பக்கம் மட்டுமே யுனிவர்சல் ஜாயின்ட் (வளைந்து சுழல விடும் மூட்டு) இருப்பதால், பின்பக்கம் உயர்ந்ததும் வெளிச்சக்கரத்தின் அடி உள்ளே மடங்கி டயர் பிடி விட்டுப்போகிறது.

இது வண்டியின் பிறவிக்குணம். நேர்ச்சாலையிலேயே வால் ஆடுகிறது என்றால் அது தேய்மானம். ஸ்பிரிங் வாங்கும் முன் அதைத் தீர்க்க வேண்டும். முதல் சந்தேகம், சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் தண்டான ரேடியஸ் ஆர்மின் ரப்பர் புஷ்கள் மீது. அவை தளர்ந்தால் சக்கரம் முன்னும் பின்னும் நகர்ந்து, பின்பக்கமே ஸ்டீயரிங் பிடித்ததுபோல் திரும்பும். அடுத்து, சக்கரத்தருகே செங்குத்தாக நிற்கும் இணைப்பான வெர்ட்டிகல் லிங்க்கின் அடியிலுள்ள நைலான் புஷ்கள். அங்கே போல்ட் உள்குழாயோடு துருப்பிடித்து இறுகியிருக்கும். சுத்தியலால் அடித்தால் லிங்க் பாழாகும்; இரு பக்கமும் ரம்பத்தால் அறுத்து எடுப்பதே நல்லது. ஷாக் அப்சார்பரைக் கழற்றும் முன் லிங்க்குக்கு அடியில் ஜாக்கி கொடுங்கள். சக்கரம் கீழே தொங்காமல் தடுப்பது அந்த ஷாக் அப்சார்பர்தான்.

புது புஷ் போட்டும் பலன் தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிடுவது. ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும், வண்டியும் உயர்ந்து நிற்கும். கீழே இறக்கியதும் சக்கரங்கள் மடங்கியபடியே நிற்கும் என்பதால், சில அடி முன்னும் பின்னும் உருட்டி, இருக்கைகளில் எடை ஏற்றிய பிறகே கடைசி இறுக்கு.

உண்மையான மாற்றம் வேண்டுமென்றால், 1970 இறுதியில் மார்க் 4 மாடலில் வந்த, குறுக்கே கிடக்கும் தகட்டு ஸ்பிரிங்கான ஸ்விங் ஸ்பிரிங். அதில் ஒரு தகடு மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கமாக நிற்கும். மற்றவை ஒரு பெட்டிக்குள் சாய்ந்தாடும். வளைவில் பின்பக்கம் எகிறுவது வெகுவாகக் குறைகிறது. ஆனால் பின்பக்க உருளல் எதிர்ப்பும் குறைவதால், முன் ஆன்ட்டி ரோல் பாரை (வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி) 11/16 அங்குலத்திலிருந்து 7/8 அங்குலத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். அதை மிச்சம் பிடித்தால் வண்டி வளைவில் படகாய்ச் சாயும். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ஸ்டட்கள் டிஃபரன்ஷியல் உறைக்குள் இறங்குகின்றன. மரைகளில் சீலன்ட் தடவாவிட்டால் எண்ணெய் கசியும்.

புது ஸ்பிரிங் முதலில் உயரமாக நிற்கும். அந்த நாட்களில் பாசிட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாய்ந்த நிலை) இருப்பதால் பழையதைவிட மோசமாகக்கூட ஓடலாம். நிதானமாக ஓட்டி, ஸ்பிரிங் படிந்த பிறகே அலைன்மென்ட் பாருங்கள். ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டின் பின்னால் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) சேர்த்தால் டோ-அவுட் (சக்கரத்தின் முன்பக்கம் வெளியே திரும்புவது), எடுத்தால் டோ-இன் (உள்ளே திரும்புவது). இரு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். ரேடியல் டயருக்கு முன்னால் 21, பின்னால் 26 பிஎஸ்ஐ. இந்த வித்தியாசத்தைக் கைவிட்டு நான்கிலும் ஒரே காற்று அடித்தால், செய்த வேலையில் பாதி வீண்.